இருபது மில்லிமீட்டர் வீடு

கண்டியில் இன்னும் பிலிம் கமராவோடு திரிகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களில் படம் பிடிப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் லென்ஸ் வாங்குபவர்கள்.

நிஷாந்தினி முதல் வகை. டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாவிக்கரைப் பக்கம் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இந்தக் கூட்டம் கூடும். ஆளாளுக்குப் பையைத் திறந்து, மென்துணியை விரித்து, கல்யாண வீட்டில் நகை காட்டுவதைப் போல லென்ஸ்களை வரிசையாக வைப்பார்கள். எல்லாம் நாற்பது ஐம்பது வருடத்துப் பழசு. கையால் வளையத்தைத் திருப்பித்தான் தெளிவு பார்க்க வேண்டும். "திருப்பிப் பாருங்கோ, வெண்ணெய் மாதிரிப் போகுது" என்று ஒருவர் நீட்டுவார். எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அதில் கடைசியாக என்ன படம் எடுத்தீர்கள் என்று நிஷாந்தினி கேட்டால், மழை என்பார்கள், வேலை என்பார்கள், பிலிம் விற்கிற விலையில் கண்டதையும் எடுக்க முடியுமா என்பார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் நிரஞ்சனைத் தெரிவு செய்யவில்லை. அவரே ஆகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, காப்புறுதிக் கம்பனியொன்றின் கிளை முகாமையாளராகக் கண்டிக்கு வந்து ஊன்றிப்போனவர். அவரிடம் இருந்தது இருபது மில்லிமீட்டர் லென்ஸ். திகனையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ரஸீனிடம் இருபத்துநாலு. நிஷாந்தினியிடம் இருபத்தெட்டு, பழைய சாமான் கடையில் ஒரு கமராவோடு சேர்ந்து வந்தது. இந்தக் கணக்கில் எண் குறையக் குறையப் படத்துக்குள் அடங்குவது கூடும். இருபத்தெட்டில் ஒரு சுவர் வரும். இருபத்துநாலில் இரண்டு சுவர் வரும். இருபதில் சுவர், கூரை, கவனமில்லாமல் நின்றால் உங்கள் சொந்தச் சப்பாத்து, எல்லாம் வரும்.

மூன்றும் ஒரே கமராவில் பொருந்தும் இனம். சண்டை தீராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எது சிறந்தது என்று மாதக்கணக்கில் பேசினார்கள். நிரஞ்சன் தன் லென்ஸுக்கு "ஒரு குணம்" இருக்கிறது என்பார். என்ன குணம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ரஸீன் பாவம், நல்ல மனிதர். தன்னுடையது மூலை வரைக்கும் தெளிவு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். டைல்ஸ்காரருக்கு மூலைதானே முக்கியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சன் முடிவாகச் சொன்னார்.

"கதைச்சது காணும். ஒரு சின்ன அறை வேணும். நேர்க்கோடு நிறைய இருக்கோணும். கால் ஊண்டி வச்சு மூண்டு லென்ஸாலயும் ஒரே படத்தை எடுப்பம்." பிறகு நிஷாந்தினியைப் பார்த்தார். "உங்கட வீடு மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயம்தானே? அந்தக் காம்பரா சரிவரும். அதைவிடச் சின்னன் எங்க தேடுறது?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றுமே இல்லை. அதுதான் நிஷாந்தினிக்கு அதிகம் எரிந்தது. மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். ஆனால் தன் இருபத்தெட்டு எப்படி நிற்கும் என்று பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது. தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட அம்மா வீரம்மா வேறு, "வரச் சொல்லு, சுவருக்கு இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ரஸீனின் காரில் வத்தேகம, பன்வில தாண்டிப் போனார்கள். மேல் ரோட்டில் காரை நிறுத்திவிட்டுப் படியிறங்கினால் லயம், தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரே கூரையின் கீழ் கட்டிய வீட்டு வரிசை. வீரம்மா புதுச் சேலை உடுத்தி, முன் காம்பராவின் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. மகன் ரவிகுமார் கண்டியில் போன் கடையில் வேலை செய்து கிழமைக்கு ஒருமுறை வருவான். சுவருக்கு ரோஸ் நிறம் அடித்திருந்தது. ஒரு பக்கம் சின்ன பிரிட்ஜ், ஒரு பக்கம் மேசையில் ரைஸ் குக்கர், பின்சுவரில் சன்னல்.

நிரஞ்சன் உள்ளே எட்டிப் பார்த்து மகிழ்ந்து போனார். "அருமை. நான் நினைச்சதை விடச் சின்னன்." பிறகு வீரம்மாவைக் கவனித்தார். "அம்மா கொஞ்சம் வெளியில நிக்கேலுமே? ஆக்கள் தேவையில்லை."

"எங்க வீட்டுல நான் எங்க உக்காரணும்னு நான்தான் தம்பி சொல்லணும்" என்றாள் வீரம்மா. எழும்பவில்லை.

கமரா முக்காலியின் மூன்று காலில் ஒன்று வாசலிலும் இரண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையிலும் நின்றன. மூன்று லென்ஸையும் நிரஞ்சனே மாட்டினார், நிரஞ்சனே தெளிவு பார்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கி, வளையத்தை முன்னே திருப்பி, பின்னே திருப்பி, மறுபடி முன்னே திருப்பி, அது அவருக்கு ஓயாத வேலையாக இருந்தது. பக்கத்தில் நின்ற நிஷாந்தினிக்கு அந்தச் சுருக்கல் நன்றாகத் தெரிந்த ஒன்று. நாள் முழுக்க அவள் முன்னால் வந்து உட்கார்கிறவர்கள் இப்படித்தான் சுருக்குவார்கள்.

"நிரஞ்சன் அண்ணா, ஒருநாளைக்குக் கடைக்கு வந்து கண்ணைக் காட்டுங்க."

"என்ர கண்ணுக்கு ஒண்டும் இல்லை" என்றார் அவர் வெடுக்கென்று.

கண்ணாடியில் தூசு ஒன்று விழுந்தால் துடிக்கிற மனிதருக்கு, பிறந்ததிலிருந்து முகத்தில் இருக்கிற இரண்டு லென்ஸைப் பற்றி அக்கறையில்லை.

ரஸீன் இதற்குள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வீரம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, அவளுடைய வட்ஸ்அப் நம்பரையும் வாங்கிக்கொண்டார். படம் வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார்.

பிலிமைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுக்க இரண்டு கிழமையானது. பேக்கரி மாடியில் நிரஞ்சன் லெப்டொப்பைத் திறந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கினார். நடுவை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மூலைக்குப் போனார்கள். மூலையில் ரைஸ் குக்கர் இருந்தது.

"பிடியில இருக்கிற திருகாணியைப் பாருங்கோ. என்ர இருபதில தலையில இருக்கிற வெட்டுக் கூடத் தெரியுது. ரஸீன் நானாட இருபத்துநாலில எல்லாம் பஞ்சு."

"அது நீங்க போகஸ் புடிச்ச மாதிரி ஈக்கும்" என்றார் ரஸீன் மெதுவாக.

"போகஸில பிழையில்லை. லென்ஸ் அப்பிடி."

ஒரு மணித்தியாலம் ரைஸ் குக்கரைப் பற்றிப் பேசினார்கள். கோடு வளைகிறதா, சன்னல் வெளிச்சம் கசிகிறதா, ரோஸ் நிறம் சூடா குளிரா. நிஷாந்தினியின் இருபத்தெட்டு ஒரு நிமிடத்தில் தோற்றுப்போனது. அதில் காம்பரா முழுதாக அடங்கவில்லை.

அவள் அந்த இருபது மில்லிமீட்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூர்மையான படம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டை அவளுக்குத் தெரியாது. முன்சுவரிலிருந்து பின்சன்னல் வரை பாடசாலை மண்டபம் போல நீண்டு கிடந்தது. ஓரத்தில் இருந்த பிரிட்ஜ் இழுபட்டு அகன்று, இரட்டைக் கதவுக்காரன் போல நின்றது. நடுவில் அம்மா தூரத்தில், மெலிந்து, இளம்பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தாள். அந்தக் காம்பராவில் நான்கு பேர் படுத்து வளர்ந்தவள் நிஷாந்தினி. ஒருவர் புரண்டால் மற்ற மூவரும் புரள வேண்டும்.

"இது எங்க வீடு இல்ல" என்றாள்.

"அதுதானே லென்ஸின்ர திறமை" என்றார் நிரஞ்சன்.

அன்றிரவே அம்மா அழைத்தாள்.

"அந்த ரஸீன் தம்பி மூணு படமும் அனுப்பிருச்சு. ஒண்ணு ரொம்ப நல்லாருக்கு புள்ள. வீடு என்னா பெருசா இருக்கு! உன் லென்ஸ்ல எடுத்ததுல பாதி வீட்டைக் காணோம்."

"அது பொய்ப் படம்மா. யாருக்கும் அனுப்பாதீங்க."

"நான் யாருக்கு அனுப்பப் போறேன்?" என்றாள் வீரம்மா. அவள் அனுப்பி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

அனுப்பியது சம்பந்தி வீட்டுக்கு. ரவிகுமாரின் போன் கடைக்குப் பக்கத்துப் புடவைக் கடையில் வேலை செய்த பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் அழகமுத்து வத்தேகமவில் தளபாடக் கடை வைத்திருக்கிறார். அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் கீழே இறங்கிக் கடை போட்ட நாளிலிருந்து லயத்தை ஏதோ டிவியில் பார்த்த மாதிரிப் பேசுவார். பேச்சு நடந்த அன்று, "இன்னமுமா லயத்துல இருக்காங்க?" என்று ரவிகுமாரிடமே கேட்டிருந்தார். அது வீரம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது. படம் போனது அதற்குப் பதிலாக.

படத்தைப் பார்த்த அழகமுத்து, ஒரு ஞாயிறு சாவகாசமாக வந்து பார்க்கிறோம் என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

அந்த ஞாயிறு நிஷாந்தினியும் ரவிகுமாரும் வீட்டில் இருந்தார்கள். ஒரு வேனும், அதன் பின்னால் ஒரு சின்ன லொறியும் மேல் ரோட்டில் வந்து நின்றன. வேனிலிருந்து அழகமுத்துவும் மனைவி ராக்கம்மாவும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். அழகமுத்துவின் சட்டைப்பையில் அளவு நாடா துருத்திக்கொண்டிருந்தது. லொறியில் மூன்று கதவு வைத்த, நிலைக்கண்ணாடி பதித்த தேக்கு அலுமாரி. கல்யாணத்துக்கு முன்பே சீரை இறக்கி நாலு பேர் பார்க்க வைக்கிற யோசனை.

அவர் வாசல்படியில் கால் வைத்து நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் மோதினார்கள்.

"ஹோல் எங்க?"

"இதாங்க சம்பந்தி" என்றாள் வீரம்மா, குரலைத் தூக்கி. "உள்ள வாங்க எல்லாரும்."

அழகமுத்து போனை எடுத்தார். படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அந்தப் பெரிய பிரிட்ஜ்?"

"கதவுக்குப் பின்னால இருக்கு."

கதவை விலக்கிப் பார்த்தார். "இது அது இல்லையே."

"அதேதான் மாமா" என்றான் ரவிகுமார். செத்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

எப்படியோ ஐந்து பேர் உள்ளே நுழைந்து முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மிச்சப் பேர் இஸ்தோப்பில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து லொறிக்காரர்கள் அலுமாரியைச் சுமந்து படியிறங்கி வந்து வாசலில் கொடுத்துப் பார்த்தார்கள். நேராகக் கொடுத்தார்கள், சரித்துக் கொடுத்தார்கள். கடைசியில் அது நிலைக்கு நடுவில் குறுக்கே இறுகி நின்றது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாது, வெளியே நின்றவர்கள் உள்ளே போக முடியாது. வெளியே மாட்டிய நிஷாந்தினி லயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், அம்மா சன்னல் வழியாக நீட்டிய தேத்தண்ணிக் கோப்பைகளை வாங்கி வந்து முன்னால் நின்றவர்களுக்குக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் நிரஞ்சன் படியிறங்கி வந்தார். தோளில் கமராப் பை, கையில் முக்காலி. பின்னால் தலையைக் குனிந்தபடி ரஸீன்.

இந்த ஞாயிறு வர வேண்டாம், வீட்டில் விசேஷம் என்று நிஷாந்தினி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் ரஸீன் போன கிழமை பேக்கரியில், போகஸை நானே பிடித்து இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம் என்று வாய்விட்டுவிட்டார். நிரஞ்சனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அஞ்சு நிமிச வேலை. நீங்கள் உங்கட விசேஷத்தை நடத்துங்கோ" என்றார்.

"நான் வேணாண்டுதான் சென்னேன் தங்கச்சி" என்றார் ரஸீன். "கேக்க மாட்டேண்டுட்டார். தனிய விட ஏலாம வந்தேன்."

அலுமாரிக்கு மேலிருந்த இடைவெளியில் அழகமுத்துவின் முகம் தெரிந்தது.

"யாருங்க அது கமராவோட? இந்தப் படத்தை எடுத்தது நீங்களா?"

"ஓம், நான்தான்." நிரஞ்சனின் முகம் மலர்ந்தது. "இருபது மில்லிமீட்டர். இப்ப இந்த லென்ஸைச் செய்யிறதே இல்லை."

"சுவத்தைப் புடிச்சு இப்பிடி இழுத்து வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்லையா உங்களுக்கு? இதைப் பாத்துத்தான்யா நான் அலுமாரி அடிச்சேன்!"

"இழுக்கேல்லை, அது பார்வைக் கோணம்" என்று நிரஞ்சன் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, அப்போதுதான் முழுதாக விளங்கியவர் போல ரஸீன் பக்கம் திரும்பினார். "கேட்டனீங்களே நானா? தளபாடக்காரரே நம்பி அளவெடுத்திருக்கிறார். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

ரஸீன் நிலத்தைப் பார்த்தார்.

நிரஞ்சனின் கண் பிறகு அலுமாரியில் விழுந்தது. தேக்கு ஓரங்கள், மூன்று கதவு, எல்லாம் நேர்க்கோடு. நிலைக்கண்ணாடியில் லயத்து வரிசையும் மலையும் தெரிந்தன. அவர் முக்காலியை விரித்தார்.

"இதைக் கொஞ்ச நேரம் இப்பிடியே விடுங்கோ. ஆக்கள் மட்டும் விலகினாக் காணும்." ஒரே மூச்சில் நாலைந்து படம் எடுத்தும்விட்டார்.

நிஷாந்தினி கையிலிருந்த கோப்பைகளைக் கீழே வைத்தாள். போய் முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அண்ணா, உங்க லென்ஸ் நல்ல லென்ஸ். திருகாணியெல்லாம் தெரியுது. எங்க அம்மா உங்களுக்குத் தெரியுதா? ரெண்டு தடவை இந்த வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டீங்க. ஒருதடவை அம்மாவை வெளிய போகச் சொன்னீங்க. இப்ப அவங்க சம்பந்தி முன்னால அவமானப்பட்டு உள்ள மாட்டிக்கிட்டு இருக்காங்க, நீங்க கோடு நேரா இருக்கான்னு பாக்குறீங்க. உங்களுக்கு எதுக்கு அண்ணா அவ்வளவு அகல லென்ஸ்? ஒரு ரைஸ் குக்கருக்கு மேல உங்க கண்ணுல படாதே."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். நிரஞ்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்பனியில் அவரிடம் இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை.

"பையைக் கீழ வைங்க. அலுமாரியத் தூக்கணும், ஆள் காணாது."

ரஸீன் முதலில் போய்ப் பிடித்தார். வேறு வழியில்லாமல் நிரஞ்சனும் பிடித்தார். லொறிக்காரர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். அசைத்து அசைத்து அதை நிலையிலிருந்து பிடுங்கி, படியேறி மேல் ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். நடுப்படியில் நிரஞ்சன் மூச்சு வாங்க நின்றபோது லொறிக்காரன் ஒருவன், "சேர், மூலையைப் பாத்துப் புடிங்க" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அலுமாரியின் மூலையைத்தான் சொன்னான். ரஸீனுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கை நழுவப் பார்த்தது.

வாசல் திறந்ததும் காம்பராவுக்குள் காற்று வந்தது. அழகமுத்து கோபத்தோடு எழும்பப் போனார். அவர் மனைவி ராக்கம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சும்மா உக்காருங்க. நம்ம கல்யாணம் ஆகி வந்தப்ப இதுல பாதி இருந்துச்சா நமக்கு? உங்க அண்ணன் குடும்பம் சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். மூணு கதவு அலுமாரியாம்! யாரு கேட்டா உங்கள?"

அழகமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. நாடாவைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார். அந்த நேரத்தில் ரவிகுமார், கட்டுகஸ்தோட்டையில் மேல்மாடியில் ஒரு வீடு வாடகைக்குப் பேசிவிட்டதாகவும், கல்யாணம் முடிந்து அங்கேதான் இருக்கப் போவதாகவும் சொன்னான். பெண்ணுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது.

சம்பந்திக்காரர்கள் போன பிறகு வீரம்மா மகனைத் திட்டினாளே ஒரு திட்டு, லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. இந்தப் பெயின்டை அவள் யாருக்காக அடித்தாள்? அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கல்யாணம் நடந்தது. அலுமாரி கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குப் போனது. ரஸீன் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டு, கைப்போனில் எல்லோரையும் படம் பிடித்தார். நிரஞ்சனை யாரும் அழைக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை அவர் முகநூலில் இருபது மில்லிமீட்டர் படத்தைப் போட்டு நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருந்தார். இந்த லென்ஸின் இடவுணர்வு எவ்வளவு நம்பத்தகுந்தது என்றால், அனுபவமுள்ள தளபாட வியாபாரி ஒருவரே இந்தப் படத்தை வைத்து அலுமாரி செய்தார் என்று. கீழே உலகத்தின் பல மூலைகளிலிருந்து வாழ்த்துகள். வீரம்மாவின் பெயர் எங்கும் இல்லை. "ஒரு தேயிலைத் தோட்ட அறை" என்று மட்டும் இருந்தது.

நிஷாந்தினி பேக்கரி மாடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். சில நாள் கழித்து நிரஞ்சன் தொலைபேசியில் கூப்பிட்டார், ஒன்றும் நடக்காதது போல.

"அலுமாரிப் படம் வந்திட்டுது. அருமை! பாத்தா, வாசலுக்குள்ள லேசாப் போயிடும் எண்டுதான் தோணும்."

"அப்ப நீங்களே அதுக்குள்ள போய்க் குடியிருங்க அண்ணா" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிந்திய விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே அவளை நிறுத்திச் சுத்தியலைக் கையில் கொடுத்தாள். பன்வில ஸ்டூடியோவில் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு வாங்கி வைத்திருந்தாள். அதே படம். அதே இருபது மில்லிமீட்டர்.

"பிரிட்ஜுக்கு மேல ஒரு ஆணி அடி."

"ஏம்மா, இவ்வளவு நடந்தும் இதையா மாட்டப் போறீங்க? வாறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். யாரு வீடுன்னு கேட்டா, நீங்க நிக்கிறீங்களே, இதே வீடுதான்னு சொல்லுவேன்." வீரம்மா படத்தைத் தூக்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். "நான் எவ்வளவு மெலிவா இருக்கேன் பாரு."

நிரஞ்சனைப் பற்றி, அழகமுத்துவைப் பற்றி, அந்த மாடிக் கூட்டம் முழுவதையும் பற்றி நிஷாந்தினியிடம் எவ்வளவோ வார்த்தை இருந்தது. இதற்கு ஒன்றும் வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி ஆணியை அடித்தாள். அம்மா கீழே நின்று, இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, தூக்கு என்றாள்.